மச்சான் கொடுத்த ரத்தம்

எலும்பு மச்சை மாற்றிக்கொண்டு உயிரோடு திரும்பிய லெட்சுமி என்று என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு, கண்டிப் பக்கத்து ஹேவாஹெட்டயில் எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்கள் அடிக்கடி உண்டு. மகனுக்கோ மகளுக்கோ அதே வியாதி வந்திருக்கும். வந்தவர்கள் முதலில் என் தலைமுடியைப் பார்ப்பார்கள். பிறகு பல்லைப் பார்ப்பார்கள். பிறகுதான் உட்காருவார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலித்துப்போனதால் இப்போது எழுதிவிடுகிறேன். டொக்டர்மார் சொல்ல வேண்டியதை டொக்டர்மாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே, அது என்னென்ன செய்யும் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

அப்போது நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வரும். கரும்பலகையில் எழுதிவிட்டு மேசையில் முழங்கையை ஊன்றினால் அங்கே நீலமாகக் கன்றிப்போகும். படி ஏறினால் மூச்சு வாங்கும். அம்மா இதையெல்லாம் கண்ணூறு என்றாள். அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம்தான் எனக்கும் மோகனுக்கும் பரிசம் போட்டிருந்தார்கள்.

மோகன் என் அத்தை மகன். மாமா மகனும் அவர்தான். குழம்பாதீர்கள். என் அப்பா தன் தங்கையை அம்மாவின் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டவர். எங்கள் பக்கத்தில் இதைப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்பார்கள். ஒரு வீட்டில் பெண்ணைக் கை நீட்டி அடித்தால் மறு வீட்டிலும் அதே நடக்கும் என்ற பயத்தில் இரண்டு வீட்டிலும் யாரும் கை நீட்ட மாட்டார்கள். மோகன் கலஹா – கண்டி பஸ்ஸில் கொண்டக்டர். டிக்கட் கொடுக்கும் சாக்கில் என்னைப் பார்த்துச் சிரிப்பார். மீதிக் காசை மட்டும் ஒருநாளும் சரியாகத் தந்ததில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் முதலில் கைநரம்பில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு என்னைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பில் ஊசி போட்டு மச்சையை உறிஞ்சினார்கள். மரத்துப்போக மருந்து கொடுப்பார்கள், குத்துவது தெரியாது. ஆனால் உறிஞ்சும்போது உள்ளங்கால் வரைக்கும் ஓர் இழுப்பு. பொய் சொல்லி உங்களை ஏமாற்றுவானேன், வலிக்கும். ஆனால் எண்ணி முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

முடிவைச் சொன்னவர் டொக்டர் தவமலர். யாழ்ப்பாணத்துக்காரர். ரத்த வியாதிகளைப் பற்றி வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டு, சண்டை நடக்கிற நாட்டுக்கு எதற்குத் திரும்பினார் என்று எல்லோரையும் அதிசயப்பட வைத்தவர். என் கட்டிலிலேயே உட்கார்ந்து சொன்னார்.

"எலும்புக்குள்ள ஒரு நாற்றுமேடை இருக்குது பிள்ளை. ரத்தத்தில ஓடுற அவ்வளவும் அங்கதான் முளைக்குது. உங்கட நாற்றுமேடை காய்ஞ்சு போச்சு. நாங்கள் வெளியில இருந்து ரத்தம் ஏத்துறது, காய்ஞ்ச தோட்டத்துக்கு வாளியால தண்ணி ஊத்துற மாதிரி. வேற ஒருவரிட்ட இருந்து நாற்று வாங்கி நடவேணும்."

"நடாட்டி?" என்று கேட்டேன்.

"கனகாலம் தண்ணி ஊத்திக்கொண்டு இருக்கேலாது," என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. அவர் போன பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன்.

அந்த நாற்றுக்குப் பெயர்தான் குருத்தணு. ரத்தத்தின் மூல உயிரணு. அதை வேறொருவர் மச்சையிலிருந்து எடுத்து நமக்குள் ஏற்றுவதைப் பற்றித்தான் டொக்டரின் ஆராய்ச்சி. ஏற்றுகிற வசதி அப்போது நம் நாட்டில் இல்லை. தமிழ்நாட்டில் அவருடன் வேலை செய்த ஒரு டொக்டரிடம் அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் என் உயிரணுவோடு பொருந்துகிற ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதுவரைக்கும் வாளித் தண்ணீர்தான். இங்கேதான் குடும்பத்துக்கு முதல் அடி விழுந்தது. எனக்கு ரத்தம் வேண்டும் என்று கேள்விப்பட்டு அப்பா, மாமா, அத்தை, என் இரண்டு தம்பிமார், மோகன் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். டொக்டர் அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார். சொந்தக்காரரின் ரத்தத்தை இப்போதே ஏற்றினால் என் உடம்பு அதைப் பழகிக்கொண்டு, நாளைக்கு அவர்களுடைய குருத்தணு வரும்போது எதிரியைப் போலத் துரத்திவிடுமாம்.

"சொந்தக்காரர் ஒரு துளியும் குடுக்கக்கூடாது," என்றார் டொக்டர்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "நல்ல கூத்தா இருக்கே! ஊரான் ரத்தம் ஆகுமாம், அத்த ரத்தம் ஆகாதாம். நான் என்ன விஷமா வச்சிருக்கேன்?" அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. ஆனாலும் கொண்டுவந்த கொழுக்கட்டையை எனக்கு ஊட்டிவிட்டுத்தான் போனார்.

ஆகவே அப்பா ஊராரைத் தேடிப் போனார். கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார் அவர். தமிழருக்கு எதிரான கலவரத்தில் எரிந்து மறுபடி கட்டிய கடை. போயா என்கிற பௌர்ணமி நாளில் பக்கத்துப் பன்சலையில், அதாவது புத்தர் கோயிலில், இரத்ததான முகாம் வைப்பார்கள். அங்கே போகலாமா வேண்டாமா என்று வாசலுக்கு எதிர்ப்பக்கம் நெடுநேரம் நின்றாராம். நெற்றியில் விபூதி. பையில் அடையாள அட்டை. உள்ளே போனவருக்கு முதலில் பிளேன்டீயும் பணிஸும் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். தனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில், மகளுக்குத்தான், தான் கொடுக்கக் கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள் மனிதர் அழுதுவிட்டார். மறுநாள் இரண்டு சிங்களப் பையன்கள் வார்டுக்கு வந்து, கூச்சத்தோடு தள்ளி நின்று என்னைப் பார்த்துவிட்டு, ரத்தம் கொடுக்கப் போனார்கள்.

வடக்கில் சண்டை மூண்டால் கண்டியில் எனக்கு ரத்தம் கிடைக்காது. போத்தல்கள் எல்லாம் காயப்பட்ட ஆமிக்காரருக்குப் போய்விடும். அப்படிப்பட்ட நாட்களில் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்திருப்பேன். ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு, நாங்கள் மிஸ் என்று கூப்பிடும் வார்ட் தாதி என் முகத்தைப் பார்க்காமல் போவார். யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் எல்லாரையும் கோபித்தேன். எனக்கு வர வேண்டியது யாரோ ஒரு பையனுக்குப் போகிறது, அவனுக்கும் என் வயதுதான் இருக்கும் என்ற நினைப்பு வந்ததும் அந்தக் கோபமும் நிலைக்காது.

பொருத்தம் பார்ப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் உயிரணுக்கள் மேல் ஓர் அடையாளம் உண்டு. பாதி தாயிடமிருந்து வருவது, பாதி தகப்பனிடமிருந்து வருவது. இரண்டு பாதியும் ஒத்துப்போகிற ஆள்தான் குருத்தணு கொடுக்கலாம். கூடப் பிறந்தவர் ஒருவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. என் தம்பிமார் இரண்டு பேருமே பொருந்தவில்லை. பெரியவன் அதைக் கேட்டு, பரீட்சையில் பெயிலானவன் மாதிரி என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டான்.

வேறு நாடாக இருந்தால் அத்தோடு முடிந்தது. டொக்டர் தவமலர் பெரிய கடதாசி ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு அம்மாவை விசாரிக்கத் தொடங்கினார். "உங்கட குடும்பத்தில ஆர் ஆரைக் கட்டினது? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ." சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் அந்தப் பாதிகள் திரும்பத் திரும்ப வந்து சேரும், தம்பியிடம் இல்லாதது மச்சானிடம் இருக்கக்கூடும் என்பதுதான் அவர் ஆராய்ச்சியில் பிடித்து வைத்திருந்த நுனி. அம்மாவுக்கு இது அல்வா. நாலு தலைமுறைக் கல்யாணங்களைச் சண்டைகளோடு சேர்த்துச் சொன்னாள். டொக்டர் சிரித்துச் சிரித்து எழுதினார்.

எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, டொக்டரே பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனார். செக் பொயின்ட்டில் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி மூடிய பெட்டியோடு இறங்கினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெட்டியைத் திறந்து பார்த்த ஆமிக்காரன் சிறு குழாய்களில் ரத்தத்தைக் கண்டு இரண்டடி பின்னால் போனானாம். "பயப்படாதையும், எல்லாம் சொந்தக்காரர்தான்," என்று தான் தமிழிலேயே சொன்னதாக டொக்டர் பிறகு சொன்னார்.

பொருந்தியது மோகனுடையது. இரண்டு பாதியும்.

டொக்டர் அன்று வார்டுக்கு ஓடித்தான் வந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா, அத்தை, மாமா, மோகன் எல்லாரும் அங்கே இருந்தார்கள். சந்தோஷத்தில் மனுஷி அளவுக்கு மீறிப் பேசிவிட்டார்.

"இதைவிட வேற என்ன வேணும்! இரட்டைப் பிள்ளையள் மாதிரிப் பொருந்துது. இனி லெட்சுமியின்ர உடம்பில ஓடப்போறது முழுக்க மோகன்ர ரத்தம்தான். ரத்த வகைகூட மாறியிடும். இவ இப்ப ஏ, அவர் ஓ. வருசம் திரும்ப இவவும் ஓ."

அம்மா கும்பிட்டாள். மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார். அத்தை மட்டும் அசையவில்லை.

"இரட்டப் புள்ளைங்க மாதிரியா?" என்றார்.

"ஓம் அம்மா."

"முழுசா அவன் ரத்தமா?"

"ஓமோம், ஒரு துளி விடாமல்."

"அப்ப இவங்க அண்ணன் தங்கச்சியில்ல?"

டொக்டரின் சிரிப்பு நின்றுபோனது. அவரும் தமிழ்ப்பெண்தானே, எங்கே காலை வைத்துவிட்டோம் என்று உடனே புரிந்துவிட்டது. அது வேறு, இது வேறு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அத்தை கேட்கவில்லை. ஒரே ரத்தத்தில் பெண் எடுப்பது எந்தச் சாதியிலும் இல்லை. தெரிந்தே முறை கெட்டால் குலம் விளங்காது என்றார். என் மேல் உயிரையே வைத்திருந்த அத்தைதான், அழுதுகொண்டேதான் சொன்னார்.

"எம் மகன் குடுக்கட்டும். தாராளமா குடுக்கட்டும். எங்க அண்ணன் மகள சாக வுட்டுருவேனா? ஆனா குடுத்தப்புறம் இவ எனக்கு மக. மருமக இல்ல. மாரியாத்தா மேல ஆண."

எல்லாரும் மோகனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சியாவே இருந்துட்டுப் போகட்டும்மா. இருந்தா போதும்."

இதைக் கேட்டு நான் உருகிப்போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்கு வந்தது கோபம். ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கலாமே இந்த மனுஷன் என்று இருந்தது. அவரோடு பிள்ளை குட்டி, ஒரு சின்ன வீடு என்று படுத்த படுக்கையில் நான் போட்டு வைத்த கணக்கையெல்லாம் ஒரே பேச்சில் ரத்துச் செய்துவிட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் போகும்போது என் பாதத்தைப் போர்வைக்கு மேலாக ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

பணம் சுற்றுவட்டாரத் தோட்டத்துச் சனங்கள் எல்லாம் சேர்ந்து போட்டது. அந்தக் கடனை எழுதித் தீர்க்க முடியாது. என்னோடு தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மோகனும் அத்தையும். அம்மா பயந்த சுபாவம்; அத்தை எமனோடேயே வாயாடுவார் என்று அப்பாதான் அவரை அனுப்பினார்.

மாற்றுவது என்றால் ஏதோ பெரிய ஒப்பரேஷன் என்று நினைத்திருந்தேன். கொடுக்கிறவருக்குத்தான் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பில் எடுக்கிறார்கள். வாங்குகிறவருக்கு ஒரு பை, ஒரு குழாய், அவ்வளவுதான். அதற்கு முன்னால் கொடுக்கிற மருந்துதான் ஆளை உருக்கிவிடும். மிச்சமிருக்கிற பழைய மச்சையை அது துடைத்தெடுக்கும். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்குவதற்கே தைரியம் வேண்டும். கிருமியை எதிர்க்கச் சக்தி இல்லாததால் கண்ணாடி போட்ட ஓர் அறையில் என்னைத் தனியே வைத்தார்கள். பூ, பழம், பச்சைத் தண்ணீர் ஒன்றும் உள்ளே வரக்கூடாது. கோயில் விபூதியும்தான்.

அத்தை தங்கியிருந்த அறையிலிருந்து பிரஷர் குக்கரில் அவித்த கஞ்சியை, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து தாதியிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று தன் வாயை அசைத்துக் காட்டுவார். நான் விழுங்கும்வரை அவரும் விழுங்குவார். காய்ச்சல் உச்சத்துக்குப் போய் நான் பிதற்றிய நாட்களில், "மகளே, அம்மா இங்கதான் நிக்கிறேன்," என்று கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொல்வாராம். மகள் என்ற சொல்லை அவர் ஆணைக்காகச் சொன்னாரா, அன்பினால் சொன்னாரா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

மோகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து கண்ணாடிக்கு வெளியே நிற்பார். "தங்கச்சி, சாப்பிட்டியா?" என்று உரக்கக் கேட்பார். நான் பிளாஸ்டிக் டம்ளரைக் கண்ணாடியில் வீசி எறிவேன். அன்றைக்கு எனக்குத் தெம்பு வந்திருக்கிறது என்று தாதியிடம் போய்ச் சொல்வார். பிறகு ஒருநாள், என் ரத்தத்தில் புது வெள்ளை அணுக்கள் தலைகாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அவருடைய நாற்று பிடித்துவிட்டது. அவர் நடைபாதையில் குந்தி உட்கார்ந்து அழுததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பி, முகமூடியோடும் மொட்டைத் தலையோடும் வீட்டுக்குள்ளேயே கிடந்து, மெல்ல மெல்ல முடி வந்து, பள்ளிக்கூடத்துக்கும் போகத் தொடங்கிவிட்டேன். மோகன் எப்போதும் போலப் பஸ்ஸில் வந்தார். மீதிக் காசு மட்டும் இப்போது சரியாகத் தந்தார். அதைவிட வேறொன்றும் எனக்கு வலிக்கவில்லை. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அத்தை கலஹாவில் அவருக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்றும் காதில் விழுந்தது.

வருஷம் திரும்பிய பிறகு ஒரு கிளினிக் நாள். அத்தையும் மாமாவும் கூட வந்திருந்தார்கள். மாமா தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். டொக்டர் தவமலர் என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "சுகம். முழுக்கச் சுகம். வகையும் ஓ ஆயிட்டுது," என்றார். உடனே அத்தையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க," என்றார் அத்தை. "அவன் ரத்தந்தான்."

"அம்மா, ரத்தம் மட்டும்தான். தோல், முடி, கருப்பை எல்லாம் இவவின்ரதான். நான் அண்டைக்குச் சொன்னது பிழை."

"படிச்சவங்க மொதல்ல சொல்றதுதாங்க சரியா இருக்கும்."

அப்போது மாமா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மோகன பெத்தப்ப ஒனக்கு ரத்தம் ஏத்துனாங்களே, நெனவிருக்கா?"

"இல்லாம? செத்துப் பொழச்சேனே."

"அது என் ரத்தம்."

அத்தை கதிரையோடு அவர் பக்கம் திரும்பினார். "என்ன?"

"என் கையில எடுத்துத்தான் ஒனக்கு ஏத்துனாங்க. அப்ப எல்லாம் அப்படித்தான்."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அத்தை கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. "ஐயோ, அதுக்கப்புறம் ரெண்டு புள்ள பெத்தேனே! அதெல்லாம் என்ன மொற?" என்று அலறினார். பக்கத்து மேசை மிஸ் திரும்பிப் பார்த்தார். அத்தை சட்டென்று டொக்டர் பக்கம் திரும்பி, "இவரு சொல்றது மெய்யா இருக்குமா?" என்று கேட்டார்.

டொக்டரிடம் எங்கள் குடும்பம் முழுவதன் ரத்த வகையும் இருந்தது. அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். "ஓம் அம்மா," என்றார் டொக்டர். "மெய்யாத்தான் இருக்கும். அதால உங்கட குடும்பத்துக்கு ஒரு குறையும் வரேல்லைத்தானே?"

அத்தை மடியில் கிடந்த குடையை எடுத்தார். பிறகு குடையால் மாமாவின் தோளில் ஓங்கி ஒன்று போட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

பஸ் நிலையத்தில் அத்தை ஏறி இடம் பிடிக்கப் போனதும் மாமாவின் பக்கத்தில் போய் நின்றேன். ரத்த வகைகளோடு அவ்வளவு காலம் குடித்தனம் நடத்தியவளுக்கு டொக்டரின் முகத்தைப் படிக்கத் தெரியாதா?

"மாமா, அது உங்க ரத்தம் இல்லதானே?"

மாமா பீடியைப் பற்றவைத்தார். "என்னையும் குத்திப் பாத்தாங்க புள்ள. சேராது, ஏத்துனா செத்துருவான்னுட்டாங்க. வெளிய மரக்கறி லொறி ஒண்ணு நின்னுச்சு. அதுல வந்த சிங்கள ஆளு ஒருத்தரு கைய நீட்டுனாரு. பேரு கூட கேக்கல."

"அதையே சொல்லியிருக்கலாமே மாமா?"

"சொன்னா ஒங்க அத்த அந்த மனுசனத்தான் அண்ணன்னு சொல்லி ஊரெல்லாம் தேடுவா. ஒங் கல்யாணம் எப்படி நடக்கும்?"

கலஹா பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அத்தை யன்னலால் தலையை நீட்டினார்.

"மருமவளே! மாமனாரோட அங்க என்ன பேச்சு? எடத்த புடிச்சு வச்சிருக்கேன், ஏறு சுருக்கா!"